முட்டைக்குள் சுண்ணாம்புக் கணக்கு: ஊர்வனவற்றின் கரு தன் எலும்புக்கான கால்சியத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று கண்டறியும் முறை

தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும் வரை, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இரவுதோறும் ஆமைத் தடங்களைத் தேடி நடப்பவர்களைக் காணலாம். 1988 முதல் மாணவர்கள் தொடர்ந்து செய்துவரும் பணி இது. பங்குனி ஆமை என்னும் கடலாமை இட்டுச் செல்லும் நூறு, நூற்றிருபது முட்டைகளை அவர்கள் அன்றிரவே எடுத்துக் காப்பகத்து மணலில் புதைக்கிறார்கள். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வருகின்றன. இட்ட அன்று அந்த முட்டைக்குள் மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் கண்ணுக்கே தெரியாத கருவும் மட்டுமே இருந்தன. வெளியே வரும் குஞ்சுக்கோ மண்டை ஓடும் விலா எலும்புகளும் துடுப்பெலும்புகளும் இருக்கின்றன. இடைப்பட்ட நாட்களில் தாய் அருகில் இல்லை. வெளியிலிருந்து உணவும் வரவில்லை. அப்படியானால் அந்த எலும்புக்கான கால்சியம் எங்கிருந்து வந்தது?

மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைக் கேட்டால், பாதிப் பேர் "மஞ்சள் கருவிலிருந்து" என்றும், மீதிப் பேர் "ஓட்டிலிருந்து" என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே சரியான விடைகள்தாம். ஆனால் எந்த விலங்குக்கு எது என்று சொல்லாவிட்டால் இரண்டுமே பிழையாகிவிடும். ஆகவே, விடையை மனப்பாடம் செய்வதை விட, விடையை அடையும் கணக்கைக் கற்றுக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். சென்னையில் இருக்கும் ஒரு மாணவரோ ஆசிரியரோ, சட்டத்தை மீறாமலும் எந்த உயிருக்கும் தீங்கு செய்யாமலும், பள்ளி ஆய்வகத்தில் உள்ள பொருட்களைக் கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கேட்டைத் தயார் செய்யுங்கள்

ஒரு தாளில் நான்கு பத்திகள் கோடிடுங்கள். முதல் பத்தியில், புதிதாக இட்ட முட்டையின் மஞ்சள் கருவிலும் வெள்ளைக் கருவிலும் சேர்ந்து இருக்கும் கால்சியம். இரண்டாவதில், புதிய முட்டையின் ஓட்டில் இருக்கும் கால்சியம். மூன்றாவதில், பொரித்து வந்த குஞ்சின் உடலில் இருக்கும் கால்சியம். அதன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்ட மீதி மஞ்சள் கருவில் உள்ளதையும் இதே பத்தியில் சேர்க்க வேண்டும். நான்காவதில், பொரித்தபின் எஞ்சிய ஓட்டில் உள்ளது. மூன்றாவது பத்தி முதல் பத்தியை விடப் பெரிதாக இருந்தால், அந்த மிகுதி ஓட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து நான்காவதைக் கழித்தால் அதே அளவு கிடைக்க வேண்டும். இரு வழியிலும் வந்த எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றால் கணக்கு சரி. மூன்றாவதும் முதலாவதும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், கரு ஓட்டைத் தொடவே இல்லை அல்லது மிகச் சிறிதளவே தொட்டது என்று பொருள்.

மீதி மஞ்சள் கருவைச் சேர்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கோழிக்கருவில், அடைகாப்பின் பிற்பகுதியில் ஓட்டிலிருந்து வரும் கால்சியத்தின் ஒரு பங்கு மஞ்சள் கருவுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. அதை விட்டுவிட்டுக் குஞ்சின் எலும்பை மட்டும் எண்ணினால், ஓடு கொடுத்ததைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம்.

கோழி முட்டையில் பழகுங்கள்

ஊர்வனவற்றைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டுக் கோழியைக் காட்டுவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, கடலாமைகளும் முதலைகளும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றின் முட்டையையோ, பொரித்துப்போன ஓட்டையோகூட அனுமதியின்றி எடுக்கக் கூடாது. இரண்டாவது, ஓட்டிலிருந்து கால்சியத்தை எடுக்கும் முறையில் கோழிதான் மிக விரிவாக ஆராயப்பட்ட உயிர். ஆமையையும் முதலையையும் புரிந்துகொள்ள அது நல்ல அளவுகோல்.

நடுத்தர அளவுள்ள ஒரு கோழி முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 5 கிராம் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு கால்சியம் என்பதால், ஓட்டில் மட்டும் 2 கிராம் கால்சியம். உள்ளே இருப்பதோ 25 முதல் 30 மில்லிகிராம் மட்டுமே. பொரித்து வரும் குஞ்சின் உடலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் இருக்கிறது. ஏட்டில் இதை எழுதிப் பார்த்தால், மீதி மஞ்சள் கருவில் உள்ளதையும் சேர்த்து, குஞ்சின் கால்சியத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஓட்டிலிருந்து வந்தது என்பது தெளிவாகும். அதே வேளையில் ஓடு இழந்தது அதன் மொத்தத்தில் ஐந்தாறு விழுக்காடுதான். இந்த இரண்டாவது எண்ணை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். சோதனையில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

முதல் வேலை எளிது. ஒரு புதிய முட்டையைக் கண்ணாடிக் குவளையில் வைத்து, அது முழுவதும் மூழ்கும்படி வினிகரை ஊற்றுங்கள். சிறு குமிழிகள் எழும். அவை கார்பன் டை ஆக்சைடு. மறுநாள் வினிகரை மாற்றி ஊற்றி இன்னொரு நாள் விட்டால், ஓடு முற்றிலும் கரைந்து, சவ்வால் மூடப்பட்ட மெத்தென்ற முட்டை மட்டும் மிஞ்சும். மாணவர்கள் இதை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அமிலம் பட்டால் ஓடு கரையும் என்ற இந்த வேதியியலைத்தான் கருவும் கையாள்கிறது. அது வெளியிலிருந்து அல்ல, உட்புறத்திலிருந்து, மெல்ல மெல்ல, தேவைக்கேற்ப அமிலத்தைச் சுரக்கிறது.

அதைச் செய்யும் உறுப்பு கோரியோஅலன்டாயிஸ் என்னும் சவ்வு. மூச்சு விடுவதற்காக ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் பரவும் இரத்தக் குழாய்கள் நிறைந்த படலம் இது. கோழியில் பத்தாம் நாளை ஒட்டி இது பெரும்பாலும் ஓட்டின் உட்பரப்பு முழுவதையும் தழுவிவிடுகிறது. ஓட்டுக் கால்சியம் கருவுக்குப் போகத் தொடங்குவதும் அந்நாட்களில்தான். அதுவரை மஞ்சள் கருவே போதுமானது, ஏனென்றால் அதுவரை எலும்புக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. இப்படலத்தில் உள்ள ஒருவகைச் செல்கள், கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியின் துணையால் அமிலத்தைச் சுரந்து ஓட்டின் உள்முனைகளைக் கரைக்கின்றன. மற்றொரு வகைச் செல்கள், கரைந்த கால்சியத்தைப் பற்றி இரத்தத்துக்குள் சேர்க்கின்றன. செல்லுக்குள் அதைச் சுமந்து செல்லும் புரதங்களில் ஒன்று கால்பிண்டின். கால்சியத் தேவை கூடக் கூட இந்தப் புரதத்தின் அளவும் கூடுகிறது. பாம்பு, பல்லி இனக் கருக்களிலும் இதே புரதம் இதே படலத்திலும் மஞ்சள் கருப் பையின் சுவரிலும் காணப்படுகிறது. ஆகவே கருவி ஒன்றே. எந்தக் கிடங்கிலிருந்து எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

பொரித்த ஓட்டைப் படிப்பது

செங்குன்றம், புழல், கோவளம் பக்கங்களில் நாட்டுக்கோழி அடைவைக்கும் வீடுகள் இன்னமும் உள்ளன. குஞ்சு பொரித்த அன்றே ஓடுகளைக் கேட்டு வாங்குங்கள். ஓரிரு நாள் கழிந்தால் கோழியே அவற்றைக் கொத்திவிடும். அதே கோழியின், அல்லது அதே வகைக் கோழியின் அடைவைக்காத முட்டைகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே கொடுத்த எண்கள் பண்ணை முட்டைக்கானவை. நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதால், உங்களுக்குக் கிடைக்கும் எண்களும் அதற்கேற்பச் சிறியனவாகவே இருக்கும்.

முதலில் விரலால் படியுங்கள். புதிய முட்டையில் உட்சவ்வு ஓட்டோடு இறுகப் பிடித்திருக்கும். உரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும். பொரித்த ஓட்டில் அது தாளைப்போலக் கழன்று வரும். சவ்வின் நார்கள் ஓட்டின் எந்தச் சிறு முனைகளில் பிடித்திருந்தனவோ, அந்த முனைகளைத்தான் கரு கரைத்து எடுத்திருக்கிறது. பிடிமானம் போனதால் சவ்வு கழல்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் காணக்கூடிய இந்தச் சான்றை நான் மிகவும் மதிக்கிறேன். எண்களுக்கு முன்பே இதை மாணவர்களுக்குக் காட்டிவிட வேண்டும்.

அடுத்து எடை. முழு ஓட்டையும் நிறுத்து ஒப்பிடுவதில் பயனில்லை, ஏனென்றால் ஒரே கோழியின் இரண்டு முட்டைகளுக்கிடையே உள்ள வேறுபாடே கரு எடுத்துக்கொண்ட ஐந்தாறு விழுக்காட்டை விழுங்கிவிடும். மேலும் பொரித்த ஓட்டில் சில துண்டுகள் தொலைந்துபோயிருக்கும். அதற்கு மாறாக, முட்டையின் நடுப்பகுதியிலிருந்து பெருவிரல் நக அளவுள்ள துண்டுகளை எடுத்து, உட்சவ்வை முழுவதும் நீக்கி, வெயிலில் நன்றாக உலர்த்தி, வரைபடத்தாளின் மேல் வைத்து விளிம்பைக் கோடிட்டுச் சதுரங்களை எண்ணுங்கள். மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுங்கள். பண்ணை முட்டையில் இது ஏறத்தாழ 70 முதல் 80 வரை வரும். புதிய ஓடு பத்து, பொரித்த ஓடு பத்து என்ற அளவிலாவது செய்து சராசரி எடுத்தால்தான் வேறுபாடு தலைகாட்டும். இரண்டு மூன்று முட்டைகளோடு நிறுத்திவிட்டு, "ஓடு குறையவில்லை" என்று முடிவெழுதுவது இந்தச் சோதனையில் நான் அதிகம் கண்ட பிழை. சவ்வை நீக்காமல் நிறுப்பது அதற்கு அடுத்தது.

பிறகு தரம்பார்த்தல் (டைட்ரேஷன்). சவ்வு நீக்கிய ஓட்டைப் பொடித்து, 0.50 கிராம் எடுத்துக் கூம்புக் குடுவையில் இட்டு, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் சேருங்கள். நுரைத்து அடங்கியபின், கரைந்திருக்கும் வாயு வெளியேற மெல்லச் சூடாக்கி, ஆறவிட்டு, பினாப்தலின் இரண்டு சொட்டு விட்டு, 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை பியூரெட்டிலிருந்து சேர்த்து இளஞ்சிவப்பு நிலைக்கும் புள்ளியைக் காணுங்கள். எடுத்துக்காட்டாக 20.8 மில்லிலிட்டர் செலவானால், மிஞ்சியிருந்த அமிலம் 10.4 மில்லிமோல், ஓடு செலவழித்தது 9.6 மில்லிமோல், இரண்டு மூலக்கூறு அமிலத்துக்கு ஒரு மூலக்கூறு கார்பனேட் என்பதால் கார்பனேட் 4.8 மில்லிமோல், அதாவது 0.48 கிராம். ஓட்டில் 96 விழுக்காடு கால்சியம் கார்பனேட்; கால்சியம் மட்டும் 0.19 கிராம். இந்த விழுக்காடு புதிய ஓட்டிலும் பொரித்த ஓட்டிலும் பெரிதாக மாறாது, ஏனென்றால் கரு ஓட்டின் தன்மையை மாற்றவில்லை, அதன் கனத்தையே குறைத்திருக்கிறது. சதுர சென்டிமீட்டர் எடையை இந்த விழுக்காட்டோடு பெருக்கினால்தான் ஏட்டின் இரண்டாவது, நான்காவது பத்திகள் நிறையும். முதல், மூன்றாவது பத்திகளைப் பள்ளியில் நிரப்ப முயல வேண்டாம்; அதற்குக் குஞ்சைச் சாம்பலாக்க வேண்டும். வெளிவந்த எண்களை எடுத்து எழுதிக்கொள்வதே முறை. சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பொரித்த ஓட்டில் சால்மொனெல்லா நுண்ணுயிர் இருக்க வாய்ப்புண்டு.

ஆமையும் முதலையும்

இப்போது ஏட்டை ஊர்வனவற்றுக்குக் கொண்டுவருவோம். கடலாமையின் முட்டை கையில் பட்டால் குழியும். மேசைப்பந்துபோல உருண்டையாக, தோல் போன்று இருக்கும். இதனால் அதில் சுண்ணாம்பே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த நெகிழும் சவ்வின் மேல் கால்சியம் கார்பனேட் அடுக்கு ஒன்று உண்டு. அதன் படிக வடிவம் கோழி, முதலை முட்டைகளில் உள்ள கால்சைட் அன்று, அரகோனைட். ஆமைகளின் கரு தன் கால்சியத்தில் பெரும்பங்கை இந்த ஓட்டிலிருந்து எடுக்கிறது. 1962-ஆம் ஆண்டிலேயே சிம்கிஸ் என்னும் ஆய்வாளர், தோல்முதுகு ஆமையின் கருவைப் பற்றி இந்தக் கேள்வியை எழுப்பி, மேலே சொன்ன கணக்கைப் போன்ற ஒன்றைப் போட்டுப் பார்த்தார்.

பெசன்ட் நகர்க் காப்பகத்தில் ஆர்வலர்கள், ஆமை முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் முட்டைகளை இடம் மாற்றிவிட்டு, பின்னர் தொடாமலே விட்டுவிடுவதற்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. ஊர்வனவற்றின் முட்டையில், கோழி முட்டையில் மஞ்சள் கருவை இருபுறமும் கட்டிப் பிடிக்கும் முறுக்கிய வெண்ணிழைகள் இல்லை. கரு மேலே மிதந்துவந்து ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்திலிருந்துதான் பின்னர் மூச்சும் கால்சியமும் எடுக்கும் படலம் பரவுகிறது. ஒட்டியபின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். கோழி தன் முட்டையைப் புரட்டுவது நல்லது, ஆமை முட்டையைப் புரட்டுவது கேடு என்பதை ஒரே பாடத்தில் சொல்லிவிட்டால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்குப் போனால், சதுப்புநில முதலைகள் மணலில் குழி தோண்டி முட்டையிடும் பருவத்தைப் பற்றி அங்குள்ளவர்களிடம் கேட்கலாம். ஒரே பருவத்தில் ஒரு தாய் இரண்டு முறை முட்டையிடுவதை அங்கே கண்டறிந்திருக்கிறார்கள். முதலை முட்டை ஓடு கோழி முட்டையைப்போலவே கடினமானது. கரு உயிரோடு வளர்கிறதா என்பதை அதன் நடுவில் தோன்றி விரியும் வெண்ணிறப் பட்டையைக் கொண்டு அறிகிறார்கள். முதலைக் கருவும் ஓட்டிலிருந்தே பெருமளவு கால்சியத்தை எடுக்கிறது. அத்துடன் இலைதழைக் குவியலில் முட்டையிடும் அலிகேட்டரில், மக்கும் குப்பையின் நுண்ணுயிர்கள் சுரக்கும் அமிலம் ஓட்டை வெளிப்புறத்திலிருந்தும் அரிக்கிறது. இவ்வாறு ஓடு மெலிவது குஞ்சு அதை உடைத்து வெளிவருவதற்கு உதவுகிறது.

ஓணான், பல்லி, பாம்பு

இவற்றுக்கு வந்தால் முதல் பத்தியின் எடை கூடிவிடுகிறது. ஓணானும் சாரைப்பாம்பும் இடும் முட்டையின் ஓடு காகிதம்போல மெல்லியது. நார்ச்சவ்வின் மேல் சுண்ணாம்பு மிகச் சிறிதளவே பூசியதுபோல இருக்கும். மண்ணின் ஈரத்தை உறிஞ்சி இந்த முட்டை பருத்துக்கொண்டே போகும். இவற்றின் கருவுக்குக் கால்சியத்தின் பெரும்பங்கு மஞ்சள் கருவிலிருந்து வருகிறது. தாயின் கல்லீரல் உருவாக்கி இரத்தத்தின் வழியே முட்டைக்கு அனுப்பும் புரதங்களோடு பிணைந்தே அந்தக் கால்சியம் அங்கே சேர்கிறது. ஆயினும் ஓட்டையும் இவை முற்றிலும் விட்டுவிடுவதில்லை. கடைசிக் கட்டத்தில், எலும்பு விரைந்து கெட்டிப்படும்போது, ஓட்டிலிருந்தும் ஒரு பங்கு எடுக்கப்படுகிறது. பாம்பும் பல்லியும் மஞ்சள் கருவை மட்டுமே நம்பியிருக்கின்றன என்று பழைய பாடக்குறிப்புகளில் எழுதியிருந்தால், அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பல்லி தனி வகை. மின்விளக்குப் பட்டைக்குப் பின்னாலோ மீட்டர் பெட்டிக்குள்ளோ இரண்டு இரண்டாக இடப்படும் அதன் முட்டைகள் ஓணான் முட்டையைப்போல் மென்மையானவை அல்ல; கடினமான வெள்ளை ஓடு கொண்டவை. முட்டை சுமக்கும் பல்லி கண்ணாடிச் சன்னலில் ஒட்டியிருக்கும்போது உட்புறமிருந்து பார்த்தால், வயிற்றுத்தோல் வழியே அவ்விரு முட்டைகளும் தெரியும். பல பல்லிகளுக்குக் கழுத்தின் இருபுறமும் வெண்மையான புடைப்புகளும் தெரியும். உள்காதோடு இணைந்த பைகளில் சேமித்து வைக்கப்பட்ட கால்சியம் கார்பனேட் அது. ஓட்டைக் கட்டத் தாய் வைத்திருக்கும் இருப்பு. பொரித்துக் கைவிடப்பட்ட பல்லி ஓடு கிடைத்தால், ஒரு சொட்டு வினிகர் விட்டுக் குமிழி எழுவதைப் பாருங்கள். அதற்குமேல் எடைக்கணக்கு வேண்டாம். அவ்வளவு சிறிய ஓட்டில் பிழையே எண்ணாக வந்து நிற்கும்.

எந்த விலங்கை எடுத்தாலும் ஏட்டின் ஓரத்தில் பாஸ்பரஸுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். எலும்பு கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. ஓட்டிலோ பாஸ்பரஸ் இல்லை என்றே சொல்லலாம். எனவே ஓட்டிலிருந்து கால்சியத்தை வாரி எடுக்கும் ஆமைக்கருவும்கூட அதற்கு இணையான பாஸ்பரஸுக்கு மஞ்சள் கருவையே நாட வேண்டும். "ஓடு எலும்பைக் கொடுத்தது" என்று ஒரு மாணவர் எழுதினால், பாதி எலும்பைத்தான் கொடுத்தது என்று திருத்துங்கள்.

கடைசியாக, குட்டி போடும் பாம்புகள். கண்ணாடி விரியனும் மண்ணுளிப் பாம்பும் முட்டையிடுவதில்லை. கிண்டி பாம்புப் பண்ணையில் இரண்டையும் பார்க்கலாம். பல்லி, பாம்பு இனங்களில் குட்டி போடும் வழக்கம் நூறு முறைக்கும் மேல் தனித்தனியே தோன்றியிருக்கிறது. இன்று வாழும் ஆமை, முதலை, பறவை எதிலும் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. ஓட்டுக் கால்சியத்தை நம்பியிருந்ததால்தான் அவற்றால் ஓட்டை விட முடியவில்லை என்று ஒருகாலத்தில் விளக்கம் சொல்லப்பட்டது. ஓடுள்ள பாம்பு முட்டையின் கருவும் ஓட்டிலிருந்து கால்சியம் எடுக்கிறது என்று தெரிந்தபின் அந்த விளக்கம் வலுவிழந்துவிட்டது. குட்டி போடும் இனங்களின் கருவைச் சுற்றி மெல்லிய சவ்வு மட்டுமே இருக்கும், அல்லது அதுவும் இராது. அதே கோரியோஅலன்டாயிஸ் படலமும் மஞ்சள் கருப் பையும் தாயின் கருப்பைச் சுவரை ஒட்டிநின்று கால்சியத்தைப் பெறுகின்றன. உங்கள் ஏட்டில் இவற்றுக்காக இரண்டாவது பத்தியின் தலைப்பை அடித்துவிட்டு, "தாய்" என்று எழுதுங்கள். நான்காவது பத்தியை வெறுமையாக விடுங்கள். பிறந்த குட்டியின் கால்சியத்திலிருந்து, கருவுறும் வேளையில் மஞ்சள் கருவில் இருந்ததைக் கழித்தால் வரும் எண்ணே தாயின் பங்கு.